ஏலக்காரி வச்சலாவின் தொண்ணூறு ராத்திரி

நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிற குப்பத்தில், வச்சலாவின் குரலைக் கேட்காமல் யாருக்கும் பொழுது விடிந்ததில்லை. பதினெட்டு வருஷமாகக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள் அவள். போட்டு கரையேறி, வலையை உதறி, மீன் மணலில் குவிந்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வாயைத் திறப்பாள். ஈ.சி.ஆர். ரோட்டில் போகிற பஸ் ஹாரனெல்லாம் அதற்கு முன்னால் சும்மா. ஐம்பத்துநாலு வயசு, நல்ல உடம்பு, அதைவிட நல்ல வாய். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் என்று ஒருத்தரும் கிடையாது; ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் நிறைய உண்டு.

பகலில் குரல் என்றால் ராத்திரியில் குறட்டை. அந்தக் குறட்டைக்குப் பயந்தே அவள் புருஷன் மாரி ஏழெட்டு வருஷமாகத் தன் போட்டுக்குப் பக்கத்தில் மணலில் பாய் விரித்துப் படுத்து வந்தான். யாராவது கேட்டால், "வூட்ல காத்தே வரல மச்சான்" என்பான். வாசலில் அவ்வளவு பெரிய கடல், காற்று வரவில்லையாம்! ஊர் சிரிக்கும், வச்சலாவும் சேர்ந்து சிரிப்பாள். குறட்டை விட்டால் நன்றாகத் தூங்குகிறோம் என்றுதான் எல்லாரையும் போல அவளும் நம்பியிருந்தாள். அப்படித் தூங்கியும் காலையில் ஏன் தலை பாறாங்கல்லாகக் கனக்கிறது, பத்து மணிக்கே ஏன் கூடைமேல் சாய்ந்து கண் செருகுகிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

அந்தக் கரையில் ஏலம் கூறுவதற்கு ஒரு முறை இருந்தது. ஒருதரம், ரெண்டுதரம் என்று இழுக்கிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. கூறுகிறவள் விலையை ஏற்றிக்கொண்டே மூச்சுவிடாமல் போக வேண்டும். அவள் எங்கே நிறுத்துகிறாளோ அங்கே ஏலம் முடிந்தது. கடைசியாகக் கேட்டவருக்கு மீன். அதனால் நிறுத்துவதுதான் வித்தை. சுற்றி நிற்கிற வியாபாரிகளின் முகத்தைப் பார்த்து, இவன் இன்னும் ஏறுவான், இவளுக்கு இதோடு சரி என்று அளந்து, சரியான இடத்தில் வாயை மூடுவாள் வச்சலா. அதற்காகவே மற்ற குப்பத்துப் போட்டுக்காரர்கள்கூட மீனை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

போன ஆடி மாசம் முடிகிற சமயத்தில் அந்த மூச்சிலேயே கோளாறு வந்தது. பாதி ஏலத்தில் நெஞ்சுக்குள் என்னவோ படபடவென்று அடித்துக்கொள்ளும், கண் இருட்டும், வாய் தானாக நிற்கும். அந்த நேரத்தில் கேட்டவனுக்கு மீன் சல்லிசாகப் போய்விடும். முதல் இரண்டு தடவை வேண்டுமென்றே நிறுத்தின மாதிரி நடித்துச் சமாளித்தாள். ஆனால் வியாபாரிகள் லேசுப்பட்டவர்களா? அம்மாவுக்கு எப்போது மூச்சு முட்டுகிறது என்று பார்த்து, சரியாக அந்த நேரத்தில் விலை கேட்கப் பழகிக்கொண்டார்கள். ஒரு நாள் மாரியின் சொந்தப் போட்டில் வந்த வஞ்சிரமே அப்படி அடிமாட்டு விலைக்குப் போனது. மாரி அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அடுத்த வாரம் சங்கராக் குவியலுக்கு முன்னால் நின்று கூறிக்கொண்டிருந்தவள், திறந்த வாய் திறந்தபடியே மணலில் சாய்ந்தாள்.

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிற மகள் சங்கவி ஓடிவந்து, அம்மாவை அள்ளிப்போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த இதய டாக்டர் மானசா சின்னப் பெண், திருப்போரூர்க்காரி. ஈ.சி.ஜி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நெஞ்சு எப்படி இருக்கு வச்சலாம்மா?" என்று கேட்டாள்.

"கூடையில எறா துள்ற மாதிரி கீது மேடம். ஒண்ணு இங்க குதிக்கிது, ஒண்ணு அங்க குதிக்கிது. ஒண்ணோட ஒண்ணு சேரல."

டாக்டர் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். "நான் வருஷக்கணக்கா படிச்சதை ஒரே வாய்ல சொல்லிட்டீங்க."

இதயத்தின் மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிறது, அதனால் துடிப்பு தாளம் தப்புகிறது என்று பொறுமையாகச் சொன்னாள். நடுங்குகிற இடத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பைத் தணிக்க ஒரு மாத்திரை எழுதினாள். எழுதிக்கொண்டே, "குறட்டை உண்டா?" என்றாள். வச்சலா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வெட்கப்பட்டு சங்கவி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"உண்டாவா? நடுவுல நின்னு நின்னு வேற வரும் மேடம்" என்றாள் சங்கவி. "நைனா எண்ணிப் பாத்துகீது. ஒரு வாட்டி நாப்பது எண்ற வரைக்கும் மூச்சே வரலியாம். அதோட பாயைச் சுருட்டிக்கினு கரைக்குப் போனதுதான்."

டாக்டரின் பேனா நின்றது. அடுத்த வாரமே வச்சலாவை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கவைத்து, தலையிலிருந்து கால் வரை ஒயரை ஒட்டி, தூக்கத்தைச் சோதித்தார்கள். மணிக்கு நாற்பத்தோரு தடவை மூச்சு நிற்கிறது என்று காகிதம் வந்தது.

"அப்ப நான் இத்தினி வருசமா தூங்கவே இல்லியா மேடம்?"

"இல்லம்மா. ராத்திரி பூரா முங்கி முங்கி எழுந்திருக்கீங்க. இதயம் தாளம் தப்பினதுக்கு அதுவும் ஒரு காரணம்."

கடலில் முங்கி எழுவது என்றால் என்னவென்று வச்சலாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தினம் ராத்திரி தன் வீட்டில், தன் பாயில், தான் அப்படிக் கிடந்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே பாவமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மெஷின் பார்க்கிற சாலமோன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். ஒரு சின்ன மெஷின், அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கை மூடுகிற முகமூடி. போட்டுக்கொண்டு படுத்தால் மெஷின் ராத்திரி பூரா காற்றை ஊதித் தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி அதை இரவலாகக் கொடுத்தது. "உள்ள ஒரு கார்டு இருக்கு. எத்தனை மணி நேரம் போட்டுக்கறீங்கன்னு அதுவே எழுதிக்கும். பொய் சொல்ல முடியாது ஆன்ட்டி" என்றான் சாலமோன். டாக்டரும் கறாராகச் சொல்லிவிட்டாள்: தொண்ணூறு ராத்திரி, ராத்திரிக்கு அஞ்சு மணி நேரமாவது போட வேண்டும். அதற்கப்புறம்தான் ஏலம் கூறலாமா கூடாதா என்ற பேச்சு.

குப்பத்துப் பஞ்சாயத்தும் அதையே பிடித்துக்கொண்டது. விழுந்த பொம்பளையை வெயிலில் நிற்கவைத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? டாக்டர் எழுத்தில் கொடுக்கிற வரைக்கும் மாரியின் தங்கச்சி தமிழ்ச்செல்வி ஏலம் கூறட்டும் என்றார்கள். நோய் என்று கேட்டபோதுகூட வச்சலாவுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மறுநாள் காலையில் கரையில் வேறொரு குரல் கேட்டபோது வலித்தது. அடுப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முதல் வாரம் மெஷினுக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. மூக்கில் காற்று அடித்தது, வாய் உலர்ந்தது, திரும்பிப் படுத்தால் குழாய் கழுத்தைச் சுற்றியது. தெருப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பிள்ளையாரு! பிள்ளையாரு!" என்று கும்பிட்டுவிட்டு ஓடின. காற்று ஈரமாக வருவதற்கு மெஷினுக்குள் ஊற்ற மெடிக்கல் கடையில் சுத்தத் தண்ணீர் வாங்கிவரச் சொன்னால், "கடல் தண்ணியவே நல்ல தண்ணியாக்கி மெட்ராசுக்கு அனுப்பறான் நெம்மேலில. இவுளுக்குப் பாட்டில் தண்ணி கேக்குது" என்று மாரி முனகிக்கொண்டே போனான். பத்தாம் நாள் அவளை அறியாமல் ஆறு மணி நேரம் தூங்கினாள். எழுந்தபோது தலையில் கனம் இல்லை. தலையே இல்லையோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்!

அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு தெய்வநாயகி வந்தாள். "இன்னாமே, முகமெல்லாம் தெளிஞ்சு கீது? அந்த மெஷினைக் குடு, மத்தியானம் நானும் ஒரு வாட்டி போட்டுப் பாக்கறேன்."

அந்தக் குப்பத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு பொருள் வந்தால் அது ஊருக்கே வந்த மாதிரி. கிரைண்டர் ஒரு வீட்டில், ஐஸ் பெட்டி ஒரு வீட்டில். கல்யாணம் என்றால் நகைகூடக் கழுத்து மாறிவிட்டுத்தான் திரும்ப வரும். கேட்டதை இல்லை என்று சொன்னால் ஆறு மாசத்துக்கு அதுதான் பேச்சு. வச்சலா கொடுத்தாள். தெய்வநாயகி இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, "ஏசி பஸ்ல பாண்டிச்சேரி போய்ட்டு வந்தா மாதிரி கீதுமே" என்று தெருவெல்லாம் சொன்னாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வரிசை. கடலுக்குப் போய் வந்த ஆம்பிளைகள் பகலில் தூங்குகிறவர்கள். ஆளுக்கு ஒரு மத்தியானம் என்று முறை போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் ஒழுங்காகச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தெய்வநாயகி ஒரு படி மேலே போய் மஞ்சள் தண்ணீரில் கழுவினாள்.

வச்சலா கொடுத்தது தாராளத்தினால் மட்டும் இல்லை, அவளுக்கு உள்ளுக்குள் வேறு ஒரு யோசனை ஓடியது. கார்டில் மணி நேரம் ஏற ஏற நல்லதுதானே? கரைவலையைப் பத்துப் பேர் சேர்ந்து இழுப்பது போல, ஊரே சேர்ந்து மூச்சுவிட்டால் தொண்ணூறு ராத்திரி வேலை நாற்பதிலேயே முடிந்துவிடும். கார்த்திகை தீபத்துக்கு முன்னாடியே கரையில் நிற்கலாம். இப்படி ஒரு புத்தி அந்தக் குப்பத்தைத் தவிர வேறெங்கும் யாருக்கும் வந்திருக்காது. ஒரு மாசம் கழித்துச் செங்கல்பட்டுக்குப் போகும்போது அவள் பஸ்ஸில் பாட்டுப் பாடாத குறை.

டாக்டர் மானசா கம்ப்யூட்டரை வெகுநேரம் பார்த்தாள். "வச்சலாம்மா, தினமும் பதினோரு மணி நேரம் தூங்கறீங்களா?"

"ஆமா மேடம்" என்றாள் வச்சலா பெருமையாக.

"பகல் பதினொண்ணுலேர்ந்து நாலு மணி வரைக்கும்கூடவா?"

சாலமோன் இருமினான். சங்கவி சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள். வச்சலா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "எல்லாம் நம்ம ஜனம்தான் மேடம், வெளியாளு யாரும் இல்ல" என்றாள்.

டாக்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோபத்தில் எழுந்து நின்றவள் மஞ்சள் தண்ணீர் விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "இது சீப்பு இல்லம்மா, பல் தேய்க்கிற பிரஷ். உங்க தொண்டைக்கு வெச்ச மெஷின். ஒருத்தர் சளி ஊருக்கே பரவும். இந்த ஒரு மாசம் செல்லாது. இன்னைலேர்ந்து ஒண்ணுன்னு எண்ணணும்" என்றாள்.

போன முப்பது ராத்திரியும் போச்சு. வச்சலாவின் முகம் சுருங்கியது. தன்னைத் தவிர யாரையும் குறை சொல்ல வழியில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். போன வாரம் செவ்வாய், புதன், ரெண்டு மத்தியானம் மட்டும் வேற மாதிரி இருக்கு. மெஷின் முழு வேகத்துல ஊதியும் மூச்சு நின்னு நின்னு போயிருக்கு. உங்களைவிட மோசம். யாரு அது?"

வச்சலாவுக்குத் தேதி கிழமையெல்லாம் மீனை வைத்துத்தான் ஞாபகம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "திங்க காரப்பொடி. அன்னிக்கு தெய்வநாயகி. செவ்வா கவளை ஏராளமா வந்துச்சு, புதன் காத்து, போட்டு எதுவும் போவல..." சட்டென்று கண்ணைத் திறந்தாள். அந்த இரண்டு நாளும் மெஷின் தமிழ்ச்செல்வி வீட்டில் இருந்தது. போட்டுக்கொண்டு தூங்கினது அவள் புருஷன் தீனா. குப்பத்திலேயே பெரிய போட்டை ஓட்டுகிறவன்.

ஊர் திரும்பியதும் நேராக அங்கேதான் போனாள். தமிழ்ச்செல்வி வாசலில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். வச்சலா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கத்தியைக் கீழே போட்டாள்.

"இன்னா அண்ணி, ஏலம் போச்சுன்னு எம் புருசன நோயாளியாக்கறியா? அவுரு போட்ட வுட்டு எறங்கினா நானும் கரைய வுட்டு எறங்குவேன்னு பாக்கறியா?"

அப்படி ஒரு நினைப்பு தனக்குத் துளியும் இல்லை என்பது வச்சலாவுக்குத் தெரியும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்? திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போகாமல் கரைக்குப் போனாள். தீனா தன் போட்டு நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். பின்னிக்கொண்டிருந்தான் என்பது பேச்சுக்கு. ஊசி கையில் இருக்க, தலை மார்பில் தொங்கியது.

"தீனா."

திடுக்கிட்டு எழுந்தான். "இன்னாக்கா?"

"கடல்லயும் இப்டித்தான் தூங்கறியா?"

அவன் மணலைப் பார்த்தான். ஊசியை வலையில் செருகிவிட்டுச் சொன்னான்: "போன மாசம் வெடியக்காலம் திரும்பி வரச்சொல்லோ கண்ணு சொருகிடுச்சுக்கா. கையி இன்ஜின் மேலயே கீது. கரை அரிக்காம கல்லு கொட்டி வெச்சுகிறாங்களே, அதுமேல ஏத்தப் பாத்துட்டேன். கூட வந்தவன் கத்துனான், தப்பிச்சோம். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினேன். செல்விகிட்ட சொல்லாதக்கா."

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் தமிழ்ச்செல்வி வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை; அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. "அண்ணி, செங்கல்பட்டுக்கு எந்த பஸ் புடிக்கணும்?" என்றாள். வச்சலா புடவையை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினாள். பஸ்ஸில் தீனா ஜன்னலோரம் குறட்டை விட்டுக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில் குறட்டை நின்றது. இரண்டு பொம்பளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார்கள். அது திரும்ப வந்ததும் தமிழ்ச்செல்வி வச்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை.

தீனாவுக்குச் சோதனை நடந்தது, தனி மெஷின் வந்தது. மாசம் ஒன்று போட்டை இன்னொருத்தன் ஓட்டினான். அதற்கப்புறம் தீனா கடலில் கண்ணைத் திறந்துகொண்டே போய்க் கண்ணைத் திறந்துகொண்டே வந்தான்.

வச்சலாவும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். சங்கவி கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டிக் கொடுத்தாள். தினம் காலையில் ஒரு கோடு. ரத்தம் கட்டாத மாத்திரை சாப்பிடுகிறவள் என்பதால் கெளுத்தி முள் குத்தினால் ரத்தம் லேசில் நிற்காது; அதற்காக மீன் ஆயும்போது ரப்பர் கையுறை போட்டாள். "ஆப்பரேசன் பண்ணப் போறியாமே?" என்று தெய்வநாயகி கேட்டதற்கு, "ஆமா, ஒன் வாயைத் தைக்கப் போறேன்" என்றாள். பழைய வச்சலா திரும்பிக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக வராத கனவுகூட வந்தது. கனவில் பெரிதாக ஒன்றும் இல்லை, திருப்போரூர்க் கடைத்தெருவில் வளையல் வாங்கினாள். அதையே மூன்று நாள் எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

மாரி பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது இருபதாம் கோடு அன்றைக்கு. வந்தவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அத்தனை வருஷம் எந்தச் சத்தத்துக்கு ஓடினானோ அந்தச் சத்தம் இல்லாமல் பயமாக இருந்தது. எழுந்து வந்து அவள் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்தான். மெஷின் காற்று உஸ்ஸென்று கையில் அடித்தது.

"ஏமே, உயிரோட கீறியா?"

"தூங்குயா!" என்று முகமூடிக்குள்ளிருந்து அதட்டல் வந்தது. அதற்கப்புறம்தான் நிம்மதியாகப் படுத்தான்.

கார்த்திகையில் அடித்த மழையில் இரண்டு நாள் கரண்ட் போனது. நாற்பதாவது கோட்டுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று வச்சலா பதறினாள். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. இரவல் என்ற வார்த்தைக்கே பயந்திருந்தாள். ஆனால் இருட்டுவதற்குள் தெய்வநாயகி தன் மருமகன் வீட்டு இன்வெர்ட்டரை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்தாள். "மெஷினை இரவல் குடுக்கக் கூடாதுன்னுதானே ஒங்க டாக்டரு சொன்னாங்க? கரண்டைக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?" என்றாள். அந்த இரண்டு ராத்திரியும் வச்சலா வீட்டில் ஒரு விளக்குகூட இல்லை, மெஷின் மட்டும் ஓடியது.

கோடு ஏற ஏற ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் தவிப்பு. காலையில் கரைப்பக்கம் நடக்கப் போவாள். தூரத்தில் தமிழ்ச்செல்வி ஏலம் கூறுவது கேட்கும். நின்றபடி உதட்டை அசைத்துக் கூடவே கூறிப் பார்ப்பாள். இங்கே நிறுத்து, இப்ப நிறுத்து என்று மனசுக்குள் துடிப்பாள். தொண்ணூறு முடிந்தால் நெஞ்சு நேராகிவிடும், நேரானால் கரை திரும்பக் கிடைக்கும் என்று அதையே பிடித்துக்கொண்டு இருந்தாள்.

தை கடைசியில் தொண்ணூறாவது கோடு விழுந்தது. மறுநாள் செங்கல்பட்டில் சட்டையில்லாத நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்தாள். வச்சலா டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். வியாபாரிகள் முகத்தைப் படித்தே வாழ்ந்தவள் அவள்; இந்த முகத்திலும் படித்துவிட்டாள்.

"நேராவலியா மேடம்?"

"இல்லம்மா. தாளம் இன்னும் தப்பித்தான் அடிக்குது. ரொம்ப நாளா இப்படியே இருந்திருக்கு, மேல் அறை பெருசாயிடுச்சு. இனிமே பிடிச்சு இழுத்து நேராக்கினாலும் நிக்கறது கஷ்டம்."

வச்சலா அழுதாள். சத்தம் போட்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். மூக்கில் தழும்பு விழ விழப் போட்ட மெஷினும், கதவில் போட்ட கோடும், வேளை தப்பாமல் விழுங்கின மாத்திரையும் ஒன்றுமில்லாமல் போன மாதிரி இருந்தது. சங்கவி தோளைப் பிடித்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"முழுசாக் கேளுங்க. அன்னைக்கு வந்தப்போ நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது அடிச்சுது. இன்னைக்கு எழுபத்தெட்டு. ராத்திரி மூச்சு நிக்கறது நாப்பத்தொண்ணுலேர்ந்து மூணுக்கு வந்தாச்சு. ரத்தம் கட்டாம மாத்திரை பாத்துக்குது. பிரஷர் சரியா இருக்கு. தாளம் தப்பின நெஞ்சோட ஆயிரம் பேர் வேலைக்குப் போறாங்க வச்சலாம்மா. மீன் ஏலம் கூறத் தாளம் எதுக்கு? மூச்சுதானே வேணும்? அது உங்ககிட்ட இருக்கு."

வச்சலா அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். "அப்ப கூறலாமா?"

"மெஷினும் மாத்திரையும் ஆயுசுக்கும் உண்டு. வெயில்ல நின்னா தண்ணி குடிக்கணும், தலை சுத்தினா உக்காரணும். அப்படின்னா கூறலாம்."

"எழுதிக் குடு மேடம். தமிழ்ல குடு. எங்க பஞ்சாயத்துல இங்கிலீஸ் எழுத்தைப் பாத்தா சந்தேகப்படுவானுங்க."

டாக்டர் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தாள். வச்சலா அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை எடுத்துச் சங்கவியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை. தீனாவின் போட்டு முதலில் வந்தது, சங்கரா குவிந்தது. தமிழ்ச்செல்வி நின்ற இடத்தை விட்டு விலகி வழி விட்டாள். "வா அண்ணி. என் தொண்டையே போச்சு. அஞ்சு மாசமா தூக்கத்துலகூட வெல ஏத்திக்கினு கீறேன்" என்றாள். வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். மாரி தூரமாக, பார்க்காத மாதிரி நின்றான். கயிற்றை முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

வச்சலா முந்தானையைச் செருகினாள், வாயைத் திறந்தாள். குரல் போய் ஈ.சி.ஆர். ரோட்டைத் தொட்டது. பாதிக் குவியலில் நெஞ்சு தாளம் தப்பித் துள்ளியது. ஒரு வியாபாரி அதைக் கண்டுகொண்டு காலை முன்னால் வைத்தான். வச்சலா அவனைப் பார்த்துக்கொண்டே அடுத்த விலைக்குப் போனாள், அதற்கடுத்த விலைக்குப் போனாள். நெஞ்சு அதன் பாட்டுக்குத் துள்ளியது, அவள் தன் பாட்டுக்குக் கூறினாள். அவன் வேறு வழியில்லாமல் நியாயமான விலைக்கு ஏறி வந்தான். அன்றைக்கு ஏழு குவியல் கூறினாள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் போட்டு விளிம்பில் உட்கார்ந்து, டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். மாரி மெல்லப் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னாமே, சரியா அடிக்கிதா?"

"சரியா அடிக்கல" என்றாள் வச்சலா. கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நல்லா கீறேன்யா. ரொம்ப நல்லா கீறேன். போய் நாஸ்தா வாங்கிக்கினு வா, பசி உயிர் போவுது."